கீமோவுக்குப் பிறகு கவுண்ட் இறங்கினால் 100.4 காய்ச்சலுக்கே ஏன் ஓடச் சொல்கிறார்கள்?

முசிறிக்காரன் | செவ்வாய், இரவு 8:40

வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு. மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஆரம்பிச்சிருக்கோம். மருந்து ஏத்தி வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தாங்க. அதுல கட்டம் போட்டு எழுதியிருக்கு: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா எந்த நேரமானாலும் உடனே வரணும், பாராசிட்டமால் போட்டுட்டுக் காத்திருக்கக் கூடாது.

அம்மா 102, 103 காய்ச்சல்லயே ரசஞ்சோறு சாப்பிட்டுட்டு மறுநாள் வயலுக்குப் போனவங்க. இங்கேருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம். நூறு டிகிரிக்கெல்லாம் ராத்திரி வண்டி பிடிக்கணுமான்னு வீட்ல பேச்சு. அண்ணன் ஒண்ணு கேக்கறாரு: "அம்மாவுக்கு அம்மை, டைபாய்டு எல்லாம் வந்து போயாச்சு. அந்த எதிர்ப்பு சக்தி உடம்புல அப்படியே இருக்குமே, அது எங்க போச்சு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

நேத்து எடுத்த ரிப்போர்ட்: டோட்டல் கவுண்ட் 1,800. பாலிமார்ஃப்ஸ் 22. லிம்ஃபோசைட்ஸ் 68. காய்ச்சல் இப்ப இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9:05

நான் லேப்ல இருக்கேன். முதல்ல உங்க நம்பரைப் பார்ப்போம். ரிப்போர்ட்ல பாலிமார்ஃப்னு போடறதும் நியூட்ரோஃபில்னு சொல்றதும் ஒரே செல். டோட்டல் கவுண்ட்ங்கறது ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்களோட மொத்த எண்ணிக்கை, அதை அந்த சதவீதத்தால பெருக்கினா நியூட்ரோஃபில் மட்டும் எவ்வளவுன்னு வரும். 1,800-ல 22 சதவீதம், 396. டாக்டர்கள் ஏ.என்.சி.ன்னு சொல்றது இதைத்தான். சாதாரணமா இது 1,500-க்கு மேல இருக்கணும். 500-க்குக் கீழ போனா கடுமையான குறைவு. அம்மா அங்கதான் இருக்காங்க.

டோட்டல் கவுண்ட்டை மட்டும் பார்த்துட்டு "1,800 இருக்கே, பரவாயில்ல"ன்னு நினைச்சுடாதீங்க. அதுல பெரும்பகுதி லிம்ஃபோசைட்ங்கற வேற வகை வெள்ளை அணு.

வார்டு சிஸ்டர் | செவ்வாய், இரவு 9:20

தம்பி, மீதி விளக்கமெல்லாம் மத்தவங்க சொல்லுவாங்க. நான் இன்னிக்கு ராத்திரிக்கு வேண்டியதைச் சொல்றேன். புற்றுநோய் வார்டுல ரொம்ப காலம் வேலை பார்த்தவ.

நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. வாயிலயோ அக்குள்லயோ வைங்க, ஆசனவாய்ல வைக்கவே கூடாது, அங்க சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்துக்குள்ள போயிடும். எனிமா, மலத்துவாரத்துல வைக்கற மாத்திரை எதுவும் வேண்டாம். காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை பாருங்க, உடம்பு நடுங்கினா எந்த நேரமும் பாருங்க. 100.4 ஒரு மணி நேரம் நின்னாலும் சரி, ஒரே தடவை 101 காட்டினாலும் சரி, கிளம்பிடணும். நான் சொல்றது பொதுவான கணக்கு. உங்க டாக்டர் 100.4 தொட்டாலே வரச் சொல்லியிருக்கார்னா அதையே பிடிச்சுக்குங்க. பாராசிட்டமால் போட்டா டிகிரி இறங்கும், கிருமி இறங்காது. அதனாலதான் போடாதேன்னு எழுதறாங்க.

வண்டிக்கு இப்பவே ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க. அந்தத் தாளையும் இந்த ரிப்போர்ட்டையும் ஒரு பையில போட்டு வாசல் பக்கம் மாட்டி வைங்க.

உயிரியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 10:12

உங்கள் அண்ணன் கேட்டது மிக நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் அந்தத் தாளில் இருக்கும் வரி தானாகப் புரியும்.

அவர் சொல்லும் எதிர்ப்பு, உடம்பு பிறந்த பிறகு கற்றுக்கொண்டது. அம்மை வந்தபோதோ தடுப்பூசி போட்டபோதோ அந்தக் கிருமியை அடையாளம் வைத்துக்கொண்ட லிம்ஃபோசைட்டுகளும், அவற்றின் வழி வந்த ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களும். அது அம்மாவிடம் இன்னும் பெருமளவு இருக்கிறது. ரத்தத்திலுள்ள ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி பாதியாகக் குறையவே ஏறத்தாழ 3 வாரம் ஆகும். அதைச் சுரக்கும் நீண்ட ஆயுள் செல்கள் பிரிந்து பெருகாமல், ரத்த செல்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் தங்கியிருப்பவை. வேகமாகப் பிரியும் செல்களைக் குறிவைக்கும் கீமோவுக்கு அவை எளிதில் சிக்குவதில்லை.

ஆனால் ஆன்டிபாடி பெரும்பாலும் பாக்டீரியாவைத் தானாகக் கொல்வதில்லை. அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பார்த்து வந்து விழுங்கிக் கொல்ல ஒரு செல் வேண்டும். அந்தச் செல்களில் எண்ணிக்கையிலும் வேகத்திலும் முதலிடம் நியூட்ரோஃபிலுக்கு. அது எந்தக் கிருமியையும் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே நம்மோடு வருகிற எதிர்ப்பு அது. காயம் பட்ட இடத்துக்கு நிமிடங்களில் வரத் தொடங்கிவிடும். புதிய கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு வாரம் நாம் உயிரோடு இருப்பதே இந்த முதல் அடுக்கின் தயவில்தான்.

இதை முதலில் கண்ணால் பார்த்துச் சொன்னவர் இலியா மெச்னிகோவ். 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. நட்சத்திர மீனுக்கு ஆன்டிபாடி கிடையாது. ஆன்டிபாடி இல்லாத உயிரிலும் காவல் உண்டு என்பதுதான் அவர் கண்டது. எதிர்ப்பு முழுக்க ரத்த நீரில் இருக்கிறது என்று நம்பியவர்களோடு வருடக்கணக்கில் வாதிட்டார். 1908-ல் நோபல் பரிசை அவருக்கும், ஆன்டிபாடி பக்கம் நின்ற பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இருவர் சொன்னதும் உண்மை என்பதால் அது சரியான முடிவு.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள்: அம்மாவின் பழைய எதிர்ப்பு எங்கும் போகவில்லை. அது சுட்டிக்காட்டும் கிருமியைக் கொல்ல வேண்டிய செல்தான் இந்த வாரம் இல்லை.

முசிறிக்காரன் | செவ்வாய், இரவு 10:50

சார், இதை அப்படியே அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். அமைதியா கேட்டாரு. இன்னும் ரெண்டு சந்தேகம். மருந்து ஏத்தின அன்னிக்கும் மறுநாளும் கவுண்ட் நல்லாதான் இருந்துது. ஒரு வாரம் கழிச்சு இப்ப எப்படி விழுது? அப்புறம், கிருமி எங்கேருந்து வரும்? நாங்க வீட்ல யாரையும் உள்ள விடறதில்ல, எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கோம்.

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 11:15

முதல் கேள்விக்கு. நாற்றங்கால் கருகிப்போனா வயல்ல நிக்கற பயிர் அன்னிக்கே சாகாது. அடுத்த நடவுக்கு நாத்து இருக்காது. கீமோ அடிக்கறது மஜ்ஜையில பிரிஞ்சு பெருகிட்டு இருக்கற இளம் செல்களை. ஏற்கெனவே முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் மஜ்ஜையில சேமிப்பா இருக்கும், அது ரத்தத்துக்கு வந்துட்டே இருக்கும். ஆனா ரத்தத்துக்கு வந்த நியூட்ரோஃபிலுக்கு ஆயுள் ரொம்பக் குறைவு. நல்ல ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில் செய்யுது. அவ்வளவு செலவு இருக்கற இடத்துல வரவு நின்னா சேமிப்பு சில நாள்தான். அதனால பெரும்பாலான கீமோவுல 7-ம் நாள்லேருந்து 14-ம் நாளுக்குள்ளதான் கவுண்ட் அடிமட்டத்துக்குப் போகும். பிறகு மஜ்ஜை தேறி ஏறும்.

இந்த நாட்கள்ல ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடுல தடவின ரத்தம், பார்க்கும்போது மனசு கனக்கும். சாதாரண ஸ்மியர்ல எங்க பார்த்தாலும் மூணு நாலு இதழா பிரிஞ்ச உட்கருவோட நியூட்ரோஃபில் நிக்கும். இவங்க ஸ்லைடுல ஃபீல்டு ஃபீல்டா நகர்த்தித் தேடணும்.

வார்டு சிஸ்டர் | புதன், காலை 6:30

கிருமி எங்கேருந்து வரும்னு கேட்டீங்களே தம்பி. பெரும்பாலும் வெளியிலேருந்து இல்ல. அம்மாவோட குடல்ல, வாயில, தோல்ல காலங்காலமா குடியிருக்கறதுதான். கீமோ மஜ்ஜையை மட்டும் அடிக்கறதில்ல, வாய்க்கும் குடலுக்கும் உள்பூச்சா இருக்கற செல்களும் வேகமா பிரியறதாலே அதுவும் புண்ணாகுது. அம்மாவுக்கு வாய்ல எரிச்சல், விழுங்கக் கஷ்டம் இருக்கான்னு பாருங்க. வாய்ல தெரியற புண் மாதிரி குடல்லயும் இருக்கலாம். நம்ம ஊர்ல இந்த நோயாளிகளோட ரத்தக் கல்ச்சர்ல, அதாவது ரத்தத்துல இருக்கற கிருமியை வளர்த்துப் பார்க்கற சோதனையில, அதிகம் வளர்றது ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் இந்த வகைதான். அதனால மாஸ்க் நல்லது, கை கழுவறது அதைவிட நல்லது, ஆனா அதெல்லாம் செஞ்சுட்டோம், காய்ச்சல் வராதுன்னு நினைச்சுடக் கூடாது.

உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணியில வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க. மெத்துன்னு பிரஷ். வெற்றிலை பாக்கு பழக்கம் இருந்தா இந்தச் சமயம் வேண்டவே வேண்டாம்.

பவானி அத்தை | புதன், காலை 8:02

தம்பி, உங்க அம்மா நல்லபடியா தேறணும்னு கும்பிட்டுக்கறேன். எங்க வீட்டுக்காரருக்கும் இந்த வைத்தியம் நடந்துது. நாங்க நிலவேம்புக் கசாயமும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்தோம், கவுண்ட் ஏறிச்சு. நீங்களும் கொடுத்துப் பாருங்க. இன்னொண்ணு, அவருக்கு நெஞ்சுல மருந்து ஏத்தற போர்ட் வெச்ச இடத்துல லேசா வலி இருந்துது. சிவப்பு இல்ல, வீக்கம் இல்ல, ஒரு துளி சீழ் இல்ல. சுத்தமா இருந்ததால நாங்க பயப்படல. பயந்தா பாதி நோய்.

வார்டு சிஸ்டர் | புதன், காலை 9:45

அத்தை, நீங்க அக்கறையோடதான் சொல்றீங்க, உங்க வீட்டுக்காரர் தேறினது எனக்கும் சந்தோஷம். ஆனா சீழ் இல்லாததால பயப்படலைன்னு சொன்னீங்களே, அதைப் பத்தி நான் பேசியே ஆகணும்.

சீழ் எதால ஆனது? செத்த நியூட்ரோஃபில்களும் செத்த கிருமியும் கரைஞ்ச திசுவும்தான். கெட்டியான சளி பச்சையா இருக்கே, அந்தப் பச்சை நியூட்ரோஃபிலுக்குள்ள இருக்கற மைலோபெராக்சிடேஸ்ங்கற நொதியோட நிறம். சிவப்பும் வீக்கமும் சூடும் அந்தச் செல்களைக் கூப்பிட ரத்தக் குழாய் விரிஞ்சு கொடுக்கறதாலயும், வந்த செல்கள் செய்யற சண்டையாலயும் வர்றது. அப்ப, ஏ.என்.சி. 200 இருக்கறவங்களுக்குச் சீழ் எங்கேருந்து வரும்? கிருமி இருக்கும், பெருகும், சீழ் இருக்காது. நிமோனியா இருக்கும், சளி வராது, எக்ஸ்ரே கூட முதல்ல சுத்தமா இருக்கும். சிறுநீர்ல தொற்று இருக்கும், சிறுநீர்ப் பரிசோதனையில சீழ்ச்செல் காட்டாது. ஆசனவாய் பக்கம் தொற்று இருக்கும், தொட்டா உயிர் போற வலி, பார்த்தா ஒண்ணுமே தெரியாது.

நான் வார்டுல புதுசா வர்ற பிள்ளைகளுக்கு முதல்ல சொல்றது இதுதான்: கவுண்ட் இல்லாதவங்க "வலிக்குது"ன்னு சொன்னா, பார்க்க சுத்தமா இருக்கேன்னு விட்டுடாதே, உடனே டாக்டரைக் கூப்பிடு. ஒரு அம்மாவுக்குத் தோள்பட்டைக்குக் கீழ சின்ன வலி, வெளியில ஒண்ணுமில்ல. கவுண்ட் ஏறின மறுநாள்தான் அந்த இடம் செவந்து வீங்கி சீழ் பிடிச்சுது. வீட்டுக்காரங்க நிலைமை மோசமாயிடுச்சுன்னு அழுதாங்க. உண்மையில அப்பதான் அவங்க செல்கள் திரும்பி வந்து வேலை ஆரம்பிச்சிருந்துது.

கசாயம் பத்தி: டாக்டர்கிட்ட கேக்காம எதுவும் வேண்டாம். ஈரல்தான் பல கீமோ மருந்துகளையும் கழிச்சு வெளிய அனுப்புது, அதுக்கு மேல இன்னொரு மூலிகைச் சுமை கொடுத்தா எது எதைக் கெடுக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது. பச்சை இலையை அரைச்சுப் பிழிஞ்ச சாறுல மண்ணுக் கிருமி இருக்கும். கவுண்ட் ரெண்டாவது வாரம் முடிய தானாவே ஏறும், எது கொடுத்தாலும் அது ஏத்தினதாத்தான் தெரியும்.

பவானி அத்தை | புதன், காலை 10:20

சீழ் விஷயம் எனக்கு யாருமே சொல்லல சிஸ்டர். தம்பி, அவங்க சொல்றதையே கேளுங்க.

யாழ் தர்ஷி | புதன், பகல் 12:30

வணக்கம் அக்கா. ஒரு கேள்வி. செல் இல்லாட்டி சிவப்பும் வராது, சீழும் வராது எண்டு சொல்லுறீங்கள். பிறகு காய்ச்சல் மட்டும் எப்பிடி வருது? அதுவும் வராமல்தானே இருக்க வேணும்? என்ர மாமாவுக்கும் இப்ப கீமோ நடக்குது, அதுதான் கேக்கிறன்.

உயிரியல் வாத்தியார் | புதன், பகல் 2:05

தர்ஷி, இந்த இழையின் மையமான கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

பிறவி எதிர்ப்பு என்பது நியூட்ரோஃபில் மட்டுமல்ல. கிருமி வந்ததைக் கண்டு சொல்பவை வேறு சில செல்கள். அதில் முக்கியமானவை மாக்ரோஃபேஜுகள். ஈரலில், நுரையீரலில், மண்ணீரலில், தோலில் என்று திசுக்களில் குடியிருப்பவை. அவை நீண்ட நாள் வாழ்பவை. ஒரு வாரத்தில் கீமோ அவற்றை வழித்து எடுத்துவிடாது. கிருமி ரத்தத்தில் நுழைந்தால் அவை உணர்ந்து ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களை விடுகின்றன. அவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து உடல் வெப்பத்தின் அளவுகோலை உயர்த்துகின்றன. பாராசிட்டமால் தடுப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

எனவே நியூட்ரோஃபில் இல்லாதவரிடம், உணரும் பகுதி வேலை செய்கிறது, கொல்லும் பகுதி இல்லை. காய்ச்சல்தான் பல நேரம் மிஞ்சும் ஒரே அறிகுறி. அந்த 100.4-க்கு இவ்வளவு மதிப்பு வந்தது இதனால்தான்.

அந்த உணர்தல் எப்படி நடக்கிறது என்பது 1990-கள் வரை தெரியாது. ஆன்டிபாடி மாதிரி கோடி வகை இல்லாமல், கிருமியை உணரும் புரதங்களான ஏற்பிகளில் ஒரு சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாக் கிருமியையும் எப்படி அறியும்? 1989-ல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஜேன்வே ஒரு கருத்தை முன்வைத்தார்: கிருமிகளில் மாற்ற முடியாத சில பொதுக் கூறுகள் உண்டு, நம் செல்கள் பிறவியிலேயே அவற்றுக்கான ஏற்பிகளோடு வருகின்றன. 1996-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் ஆய்வகத்தில், டோல் என்ற மரபணு கெட்ட பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதைக் கண்டார்கள். 1998-ல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழு, எலியில் அதே குடும்பத்து ஏற்பி ஒன்று, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்விலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப் பொருளை உணர்கிறது என்று காட்டியது. ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-ல் நோபல் கிடைத்தது. இன்று காலை சிஸ்டர் சொன்ன குடல் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் புகுந்தால் அம்மாவுக்குக் குளிர் நடுக்கம் வருவதும் இந்த ஏற்பி வழியாகத்தான்.

பழ ஈக்கு ஆன்டிபாடியும் லிம்ஃபோசைட்டும் கிடையாது. பிறவி எதிர்ப்பை மட்டும் நம்பி அழுகிய பழத்தில் வாழ்கிறது. பாடம் எடுக்கும்போது இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வார்டு சிஸ்டர் | புதன், மாலை 4:40

தர்ஷி, வாத்தியார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கம்மா. மாமாவுக்கு வாந்தி வராம இருக்க டெக்சாமெத்தசோன் கொடுப்பாங்க. அது ஸ்டீராய்டு, அந்த சமிக்ஞைகளையே அடக்கிடும். வயசானவங்களுக்கும் காய்ச்சல் சரியா ஏறாது. அதனால டிகிரி ஏறாமலே நடுக்கம், மயக்கம், வேகமா மூச்சு, பேச்சு தடுமாற்றம், சிறுநீர் குறையறது, "என்னவோ மாதிரி இருக்கு"ன்னு சொல்றது, இதுல எது வந்தாலும் காய்ச்சல் வந்த மாதிரியே எடுத்துக்கணும்.

ஈரோட்டு அப்பா | புதன், இரவு 9:10

நான் வேற பக்கத்துலேருந்து வர்றேன். என் மகனுக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை எப்பவும் நல்லா இருக்கும், சில சமயம் அதிகமாவே இருக்கும். ஆனா அந்தச் செல்லால விழுங்கினதைக் கொல்ல முடியாது. பிறவிக் குறைபாடு. கிரானிக் கிரானுலோமேட்டஸ் நோய்னு பேரு. சுருக்கமா சிஜிடி.

பிறந்ததும் காசநோய்க்குப் போட்ட பிசிஜி தடுப்பூசிக்கு அப்புறம் அக்குள்ல நெறி கட்டி உடைஞ்சுது. சில குழந்தைகளுக்கு அப்படி வரும்னு சொன்னாங்க. பிறகு தோல்ல கட்டி, கழுத்துல கட்டி, ஈரல்ல சீழ்க்கட்டி. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு டாக்டர், ஒவ்வொரு மருந்து. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்த ஒரு டாக்டர்தான் டிஹெச்ஆர்ங்கற பரிசோதனைக்கு எழுதினாங்க. நியூட்ரோஃபில் கிருமியைக் கொல்ல ஆக்சிஜனை வீரியமான வேதிப்பொருளா மாத்துதான்னு பார்க்கற சோதனை அது. மகனோட செல்கள் மாத்தல.

நானும் என் மனைவியும் மாமன் மகள், அத்தை மகன் உறவு. இந்த நோய்ல ஒரு வகை ஆண் குழந்தைகளுக்கு அம்மா வழியா வருது. இன்னொரு வகைக்கு அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் குறை மறைஞ்சு இருக்கணும். சொந்தத்துல கட்டறப்ப அதுக்கு வாய்ப்பு கூடும். எங்களுக்கு ரெண்டாவது வகை. யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல. ஒரு குழந்தைக்கு ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தா, தொப்புள் கொடி ஒரு மாசமாகியும் விழாம இருந்தா, பிசிஜி போட்ட பக்கம் நெறி கட்டி ஆறாம இருந்தா, எதிர்ப்புச் செல்களைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. தொற்று வராம இருக்க மகன் இப்ப தினமும் கோட்ரைமாக்சசோல்ங்கற ஆன்டிபயாடிக்கும் இட்ராகொனசோல்ங்கற பூஞ்சை மருந்தும் எடுத்துக்கறான். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பொருத்தம் பார்த்துட்டு இருக்கோம்.

நுண்ணோக்கி | புதன், இரவு 9:55

ஈரோட்டு அண்ணா, இதை எழுதினதுக்கு நன்றி. தொப்புள் கொடி விஷயம் இன்னொரு நோய்க்கு முக்கியமான தடயம். அதுல நியூட்ரோஃபில் ரத்தத்துல எக்கச்சக்கமா இருக்கும், ஆனா குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கற புரதம் இல்லாததால திசுவுக்குள்ள வெளிய வர முடியாது. அந்தக் குழந்தைகளுக்கும் தொற்று வரும், சீழ் வராது. சிஸ்டர் சொன்ன அதே நிலை, காரணம் வேற. எங்க லேப்ல ஒரு கைக்குழந்தைக்கு டோட்டல் கவுண்ட் ரொம்ப அதிகமா வந்து, முதல்ல ரத்தப் புற்றுநோயோன்னு பயந்து, கடைசியில அது இந்த நோயா இருந்துது.

சர்க்கரை இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை கட்டுல இல்லாதப்ப எண்ணிக்கை சரியா இருந்தாலும் நியூட்ரோஃபில் நகர்றதும் விழுங்கறதும் மந்தமாகுது. 2021-ல கொரோனாவுக்குப் பிறகு கருப்புப் பூஞ்சை அவ்வளவு பேரைத் தாக்கினப்ப, சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் பெரிய காரணம்.

முசிறிக்காரன் | வெள்ளி, மாலை 5:15

எல்லாருக்கும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. புதன் ராத்திரி ஒண்ணரை மணிக்கு அம்மா நடுங்கினாங்க. 100.9. இந்த இழையைப் படிக்காம இருந்தா காலைல பார்த்துக்கலாம்னு பாராசிட்டமால் கொடுத்திருப்போம். அண்ணன்தான் முதல்ல வண்டிச் சாவியை எடுத்தாரு.

அவசரப் பிரிவுல இருந்த பையன் சின்ன வயசு, "நூறு டிகிரிதானே, உக்காருங்க"ன்னு சொன்னாரு. பையிலேருந்து அந்தத் தாளையும் ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டி, கீமோ போயிட்டிருக்கு, ஏ.என்.சி. 396ன்னு சொன்னேன். அப்புறம் எல்லாம் வேகமா நடந்துது. ரெண்டு இடத்துலேருந்து கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாங்க, உடனே நரம்புல ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க. கல்ச்சர் முடிவு வர்றதுக்குக் காத்திருக்கல. இன்னிக்கு ஈ.கோலைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. காய்ச்சல் இறங்கிடுச்சு. கஞ்சி குடிக்கறாங்க.

ஏன் எந்தக் கிருமின்னு தெரியறதுக்கு முன்னாடியே மருந்து கொடுக்கறாங்க? அப்புறம் அடுத்த தடவை கீமோவுக்குப் பிறகு ஒரு ஊசி போடப் போறதா சொல்றாங்க, அது என்ன?

வார்டு சிஸ்டர் | வெள்ளி, மாலை 6:00

அண்ணன் சாவியை எடுத்தாரே, அது போதும். கும்பிடறேன் தம்பி. ஏ.என்.சி.யைச் சொல்லி நின்னீங்க பாருங்க, அவசரப் பிரிவுல பேச வேண்டியது அதுதான்.

நியூட்ரோஃபில் இல்லாத ரத்தத்துல இந்த மாதிரி பாக்டீரியா சில மணி நேரத்துலயே ரத்த அழுத்தத்தைக் கீழ தள்ளிடும். அதனால வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் போயிடணும்னு கணக்கு. கல்ச்சர் வளர ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும், அவ்வளவு நேரம் நமக்குக் கிடையாது.

உயிரியல் வாத்தியார் | வெள்ளி, இரவு 7:30

மிக்க மகிழ்ச்சி. இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1966-ல் அமெரிக்காவில் ஜெரால்டு போடியும் அவர் குழுவும், ரத்தப் புற்றுநோயாளிகளின் கவுண்ட்டையும் தொற்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நியூட்ரோஃபில் எவ்வளவு கீழே போகிறது, எத்தனை நாள் கீழே கிடக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன என்று அது காட்டியது. இன்று உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் 500 என்ற கோட்டை எல்லோரும் நினைப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. 1971-ல் ஸ்டீவன் ஷிம்ப் குழு, காய்ச்சல் வந்தவுடன் கிருமி தெரியும் முன்பே இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுத்து அதன் பலனை வெளியிட்டது. அதற்கு முன் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருந்தே பலர் இறந்தார்கள். அம்மாவுக்கு ஏறிய அந்த முதல் பாட்டில், அந்த நோயாளிகளிடமிருந்து கற்றது.

ஊசி பெரும்பாலும் ஜி-சிஎஸ்எஃப் ஆக இருக்கும். மஜ்ஜையில் நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்ட நம் உடம்பே சுரக்கும் புரதம் அது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டொனால்டு மெட்காஃபும் உடன் பணியாற்றியவர்களும் இந்த வகைப் புரதங்களைத் தேடியே பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். 1991-ல் அமெரிக்காவில் ஃபில்கிராஸ்டிம் என்ற பெயரில் மருந்தாக அனுமதி பெற்றது.

யாழ் தர்ஷி | வெள்ளி, இரவு 8:10

முசிறி அண்ணா, அம்மா சுகமாகி வர வேணும். வாசிச்சு முடிய மாமி வீட்ட போய் தெர்மாமீட்டர் குடுத்திட்டு வந்தனான். அக்கா, அந்த ஊசி போட்டால் பக்கவிளைவு ஏதும் இருக்கோ? சாப்பாட்டிலை என்ன கவனிக்க வேணும்?

வார்டு சிஸ்டர் | வெள்ளி, இரவு 9:00

ஊசி போட்டா இடுப்பெலும்பு, முதுகு, தொடை வலிக்கும் தர்ஷி. மஜ்ஜை வேலை செய்யற இடம் அதுதான். சிலருக்கு நல்லா வலிக்கும். அதுக்கு என்ன மாத்திரைன்னு ஊசி போடற அன்னிக்கே கேட்டு வெச்சுக்குங்க, ஏன்னா காய்ச்சலை மறைக்காத மாதிரி பார்த்துக் கொடுக்கணும். வழக்கமா கீமோ முடிஞ்சு 24 மணி நேரம் கழிச்சுத்தான் போடுவாங்க. முன்னாடியே போட்டா தூண்டப்பட்டுப் பிரிய ஆரம்பிக்கற இளம் செல்கள் மறுபடி கீமோவுல மாட்டிக்கும்.

சாப்பாடு: சுடச்சுட சமைச்சது. பழத்தை நல்லா கழுவி வீட்லயே தோலுரிச்சுக் கொடுங்க. முன்னெல்லாம் பழம், காய்கறியே கூடாதுன்னு ஒரு கண்டிப்பான பத்தியம் இருந்துது, ஆனா அதனால தொற்று குறையுதுன்னு ஆய்வுகள்ல நிரூபணமாகல, அதனால பட்டினி போட்டுடாதீங்க. வெளிய வெட்டி வெச்ச பழம், தெருக் கரும்புச் சாறு, சட்னி வேண்டாம். பழைய சோறு மத்த நாள்ல அருமையான சாப்பாடு, கவுண்ட் இறங்கியிருக்கற நாள்ல வேண்டாம். தயிரைப் பத்தி டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும், உங்க டாக்டரைக் கேளுங்க.

வீட்ல இருக்கறவங்க எல்லாரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்குங்க. அம்மாவுக்கு எது, எப்பன்னு டாக்டர் சொல்லுவார். உயிருள்ள கிருமி தடுப்பூசி அவங்களுக்கு இப்பக் கூடாது.

முசிறிக்காரன் | வெள்ளி, இரவு 9:25

எழுதி வெச்சுக்கிட்டேன் சிஸ்டர். நாளைக்குக் காலைல மறுபடி கவுண்ட் எடுக்கறாங்க. ஏ.என்.சி. 500 தாண்டி ஏறுமுகமா இருந்து காய்ச்சலும் இல்லாம இருந்தா ரெண்டு மூணு நாள்ல அனுப்பிடுவோம்னு சொல்லியிருக்காங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடறேன், நுண்ணோக்கி அண்ணன் ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்.

நுண்ணோக்கி | வெள்ளி, இரவு 9:31

போடுங்க. அதுல மோனோசைட்ங்கற இன்னொரு வகை வெள்ளை அணுவோட சதவீதத்தையும் விட்டுடாம போடுங்க. மஜ்ஜை தேறும்போது பெரும்பாலும் நியூட்ரோஃபிலுக்கு முன்னாடி அதுதான் ஏறும்.